ரோடு இன்ஸ்பெக்டரின் ராஜ்ஜியம்

நேக் சந்த் சைனி ஒரு ரோடு இன்ஸ்பெக்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சண்டிகர் ராக் கார்டனைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் 'குப்பையிலிருந்து கலை' என்கிற வியப்பில் தொடங்கி அதே வியப்பில் முடிந்துவிடுகின்றன. சுற்றுலாக் கையேடு, ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ், எதை எடுத்தாலும் இதே கதைதான்: எளிய மனிதர், உடைந்த வளையல், விடாமுயற்சி, கடைசியில் பத்மஸ்ரீ. இந்தக் கதையாடலுக்குள் அவர் பார்த்த வேலை வெறும் விவரமாகச் சுருங்கிப்போகிறது. பொதுப்பணித்துறையில் சாலை போடுவதை மேற்பார்வை பார்த்த ஒருவர், அந்தத் துறையின் சாலை எட்டாத காட்டுக்குள், அரசு நிலத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓர் ஊரைக் கட்டினார். பின்னர் அந்த ஊரை இடிக்க ஆட்கள் வந்தார்கள். சாலையின் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள். 2025-இல் மறுபடியும் வந்தார்கள். ஆகவே ராக் கார்டனைச் சாலையின் கதையாக வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பாதுகாப்பு' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற சொல்லுக்குள் என்னென்ன நடக்கிறது என்பதும் அப்படி வாசித்தால்தான் கொஞ்சம் பிடிபடும்.

1947-இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. லாகூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் கிராமங்களைக் கையகப்படுத்தி, வீடுகளை இடித்து, வயல்களைச் சமன்செய்து ஒரு புதிய நகரத்தை எழுப்ப முடிவாயிற்று. 1951 முதல் ல கொர்புசியேயும் அவருடன் பியர் ஜான்னரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரும் அதற்கான வேலையில் இறங்கினார்கள். கடந்தகாலச் சுமை எதுவும் இல்லாத நகரம் என்பது நேருவின் கனவு. கொர்புசியே நகரைச் சதுரம் சதுரமாக வெட்டி எண்கள் கொடுத்தார். (13 என்கிற எண் மட்டும் நெடுங்காலம் விடுபட்டுக் கிடந்தது. பகுத்தறிவின் வடிவியலுக்கும் ராசி பார்க்கிற பழக்கம் உண்டு போலிருக்கிறது.) சாலைகளுக்கும் அதேபோல ஒரு வரிசை வகுத்தார். வெளியூரிலிருந்து வரும் பெருஞ்சாலை V1. அதிலிருந்து படிப்படியாகக் கிளைத்து, பசும்பரப்புகளுக்கு ஊடே போகும் நடைபாதை V7. மனித இயக்கம் முழுவதையும் ஏழு வகைக்குள் அடக்கிவிடலாம் என்கிற நம்பிக்கை இது. லேசுப்பட்ட நம்பிக்கை அல்ல. நவீனத்துவத்தின் பெருங்கதையாடலை இவ்வளவு சுத்தமாகத் தரையில் எழுதிப்பார்த்த இடம் இந்தியாவில் வேறெதுவும் இல்லை.

இந்த நகரத்துக்கென்று கொர்புசியே ஒரு சாசனமும் எழுதிவைத்தார். குடிமக்கள் நகரை எப்படிப் பேண வேண்டும் என்று சொல்வது அது. நகரிலோ பூங்காக்களிலோ தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. விதி நல்ல விதிதான், சிலைகளால் அவதிப்படுகிற ஊர்க்காரர்களாகிய நமக்கு அது புரியும். ஆனால் அந்தச் சாசனத்தின் மூக்குக்குக் கீழே, உயர்நீதிமன்றமும் சட்டமன்றமும் செயலகமும் நிற்கிற கேப்பிடல் வளாகத்துக்கும் சுக்னா ஏரிக்கும் நடுவே, கட்டடம் எதுவும் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுக்குள்ளே ஆயிரக்கணக்கில் உருவங்கள் முளைத்துக்கொண்டிருந்தன.

நேக் சந்த் 1924-இல், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் பேரியான் கலான் என்கிற கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டுக் கிளம்பியவர். சண்டிகர் கட்டப்பட்ட ஆரம்ப நாட்களிலேயே பொதுப்பணித்துறையில் வேலைக்கு வந்துவிட்டார். அவர் பார்த்தது என்ன? ஒருபக்கம், தான் மேற்பார்வையிட்ட சாலைகள் நேர்கோடாக ஓடுகின்றன. இன்னொரு பக்கம், அந்தக் கோடுகள் ஓடுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் ஓடு, செங்கல், உடைந்த சட்டி, பீங்கான், கதவுச் சட்டம் எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. ஊரை இழந்து வந்த ஒருவர், இன்னொருவரின் ஊர் இடிபாடாகக் கிடப்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் பார்க்கிறார். இந்த நிலைமையை நான் அழகுபடுத்தவில்லை. அகதியும் இடிப்பவரும் ஒரே உடலில் இருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

1957-58 வாக்கில் அவர் பொறுக்கத் தொடங்கினார். வேலை முடிந்த பிறகு, சைக்கிளில். காகர் ஆற்றுப்படுகை, சுக்னா ஓடை, பட்டியாலி ராவ் ஆகிய இடங்களிலிருந்து தண்ணீர் செதுக்கிய கற்கள். மனிதரைப் போல, பறவையைப் போல, எதைப் போலவும் இல்லாத கற்கள். முதல் ஏழெட்டு ஆண்டுகள் பெரும்பாலும் இந்தச் சேகரிப்பிலேயே போயின. 1960களின் நடுவில்தான் கட்டத் தொடங்குகிறார். அரசாங்கப் பண்டகசாலையை ஒட்டிய காட்டில் ஒரு குடிசை, இரவில் வெளிச்சத்துக்கு எரிகிற பழைய டயர். வீட்டாருக்கும் நெருங்கிய சிலருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் இது நடந்தது. ஒரு நகரத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வரைபடம் இருந்தது. அந்த வரைபடத்தில் 'காடு' என்று எழுதப்பட்டிருந்ததால் அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவரை அத்தனை ஆண்டுகள் மறைத்துவைத்தது கொர்புசியேயின் பச்சை மை.

பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இதில்தான் அவசரப்படுகிறார்கள். சைக்கிள் சட்டமும் கம்பியும் எலும்பு. சிமெண்டுக் கலவை சதை. அதன்மேல் வளையல் துண்டுகள், ஓட்டுச் சில்லுகள், பீங்கான் தட்டுத் துண்டுகள் ஆகியவை தோல். பீங்கான் ப்யூஸ் கட்டைகளை வரிசையாக அடுக்கிச் சுவர். காலி டிரம்களைச் சேர்த்துச் சுவர். உடைந்த கக்கூஸ் பீங்கான்கள். டியூப் லைட். பட்டறையிலிருந்து வந்த கிட்டம். தையல்காரர்களிடம் மிஞ்சிய துணிக் கழிவுகளைச் சுற்றிச் சுற்றி ஆளுயரப் பொம்மைகள். இவற்றில் பாதி, ஒரு பொதுப்பணித்துறை ஊழியரின் கை படுகிற பொருட்கள். கணக்கேட்டில் 'பயனற்றது' என்று எழுதி மூலையில் தள்ளப்படுகிற வகை. கழிவு என்பது பொருளின் இயல்பு கிடையாது, ஒரு பதிவேட்டில் எடுக்கப்படுகிற முடிவு. அந்தப் பதிவேட்டு மொழி தெரிந்த ஒருவரால்தான் அதை இப்படித் திருப்பிப்போட முடிந்திருக்கிறது. 'படிக்காத மேதை' என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் அவருடைய இந்தத் தொழிலறிவைப் பறித்துவிடுகிறார்கள்.

தோட்டத்துக்குள் நடக்கிறபோது எனக்கு முதலில் உறைத்தது வாசல்களின் உயரம். குனிந்துதான் நுழைய வேண்டும். யாராக இருந்தாலும் சரி. ஒரு பத்தடி சுவர்களுக்கு நடுவே ஒடுக்கமாகப் போகிற பாதை, திடீரென ஒரு முற்றமாகத் திறக்கிறது. அங்கே நூறு பேர் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். தலையில் குடம் வைத்த பெண்கள், கும்பிடுகிறவர்கள், வாத்தியக்காரர்கள், மயில், குரங்கு, என்ன மிருகம் என்று சொல்லமுடியாத மிருகம். எல்லா முகங்களும் ஏறக்குறைய ஒரே முகம். பாதை மறுபடி ஒடுங்குகிறது. வெளியே V2, V3 என்று தெளிவாக எண்ணிடப்பட்ட சாலையில் வந்த உடம்பு இங்கே வழி தெரியாமல் முட்டிக்கொள்கிறது. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொர்புசியேக்கு எழுதப்பட்ட மிக நீண்ட எதிர்வினை இது என்று எனக்குப் பட்டது. நேக் சந்த் அப்படி நினைத்தாரா என்றால், இல்லை என்பேன். அவர் தன் சாகிப்களை மதித்த அரசு ஊழியர்.

அவரைக் கலகக்காரராக்கிவிட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் கட்டியது ஒரு ராஜ்ஜியம். அரசவை உண்டு, அரசிக்கு இடம் உண்டு, படைவீரர் வரிசை உண்டு, பணிந்து நிற்கிற குடிகள் உண்டு. பக்கத்துக் கேப்பிடல் வளாகத்தில் ஆளுநர் மாளிகை ஒன்று வர வேண்டியிருந்தது. ஜனநாயகத்துக்குப் பொருந்தாது என்று நேரு அதை மறுத்துவிட்டதால் அது கட்டப்படவேயில்லை. இந்தப் பக்கம் ரோடு இன்ஸ்பெக்டர் கமுக்கமாக ராஜாவுக்குச் சிம்மாசனம் கட்டிக்கொண்டிருந்தார். விளிம்புநிலைக் கனவெல்லாம் தானாகவே விடுதலைக் கனவு என்று நம்புகிற நம் தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். இழந்த ஊரை நினைவிலிருந்து மீட்கும்போது அதன் மேல்கீழும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

1975-இல் அதிகாரிகள் கண்ணில் பட்டுவிட்டது. அப்போதே பன்னிரண்டு ஏக்கர் அளவுக்குப் பரவியிருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும்: அரசு நிலம், அரசு ஊழியர், அனுமதியில்லாத கட்டுமானம். இடிக்கவில்லை. 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்குச் சம்பளமும், 'உட்கோட்டப் பொறியாளர், ராக் கார்டன்' என்று ஒரு பதவியும், ஐம்பது தொழிலாளர்களும் கொடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், தில்லியில் துர்க்மான் கேட் குடியிருப்புகளை இடித்துத் தள்ளிய அதே 1976-இல் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அரசுக்கு ஆக்கிரமிப்பு பற்றி ஒரே கொள்கை இருந்ததே இல்லை. ஆட்கள் குடியிருக்கும் ஆக்கிரமிப்பை இடித்தது, பொம்மைகள் குடியிருந்த ஆக்கிரமிப்புக்குப் பதவி கொடுத்தது. இது நேக் சந்தின் குற்றமில்லை. ஆனால் 'அரசின் பெருந்தன்மை' என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும்.

குற்றத்தைத் துறையாக மாற்றியதில் நல்லதும் நடந்தது. நகரத்தில் கழிவுகளைச் சேகரித்து அனுப்ப மையங்கள் ஏற்பட்டன. உடைந்த பீங்கானும் கந்தலும் தோட்டத்துக்கு வந்துகொண்டே இருந்தன. அருவிகளும் பள்ளத்தாக்கும் கொண்ட இரண்டாம் கட்டமும், பெரிய வளைவுகளில் ஊஞ்சல் தொங்குகிற மூன்றாம் கட்டமும் இப்படித்தான் உருவாயின. ஏறக்குறைய 40 ஏக்கராக விரிந்தது. 1983-இல் தபால்தலை, 1984-இல் பத்மஸ்ரீ. 1980களில் வாஷிங்டனில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்துக்காக ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். 2004-இல் அந்த அருங்காட்சியகம் அந்த இடத்தை விட்டுப்போனது. தோட்டமும் அதோடு கலைந்தது. அவருடைய உருவங்களின் பெரிய தொகுப்பு ஒன்று இன்று விஸ்கான்சினில் கோலர் கலை மையத்தில் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில், பீடத்தின் மேல், ஒவ்வொன்றாக. ஒரே முகம் கொண்ட நூறு பேரில் ஒருவரைத் தனியே பிரித்து நிறுத்தினால் அவர் 'சிற்பம்' ஆகிவிடுகிறார். பாதுகாப்பின் ஒரு வகை இது. பூச்சி அரிக்காது, மழை படாது. கூட்டம் மட்டும் இருக்காது.

சண்டிகரிலேயே பாதுகாப்பு அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. 1980களின் இறுதியில் பக்கத்திலிருந்த நீதிமன்ற வட்டாரத்துக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. முக்கியஸ்தர்களின் போக்குவரத்துக்குத் தோட்டத்தின் குறுக்கே சாலை வேண்டும் என்றார்கள். வழக்கு நடந்தது. 1989-இல் தீர்ப்பு தோட்டத்துக்குச் சாதகமாக வந்தது. 1990-ஐ ஒட்டிய அந்த நாட்களில் புல்டோசர் வந்தபோது நூற்றுக்கணக்கான மக்கள் கைகோத்து அதன் முன் நின்றார்கள். யோசித்துப் பாருங்கள். கொர்புசியே கொடுத்த நகரத்தில் வாழ்கிறவர்கள், அவருடைய வரைபடத்தில் இல்லாத ஒன்றுக்காக உடம்பைக் குறுக்கே வைத்தார்கள். சண்டிகர்வாசிகளுக்குத் தாங்கள் வேலை பார்க்கிற நகரத்துக்குள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்ததோ என்னவோ. 1996-இல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது நகர நிர்வாகம் நிதியை நிறுத்தியது, ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தோட்டத்துக்குள் புகுந்து உருவங்களை உடைத்தார்கள். பிறகு ராக் கார்டன் சங்கம் பராமரிப்பை ஏற்றது. வெளிநாட்டு ஆதரவாளர்கள் அடுத்த ஆண்டு லண்டனில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள்.

ஆக, இந்தத் தோட்டத்தை இதுவரை காப்பாற்றியவை: முதலில் ரகசியம், பிறகு ஒரு பதவி, பிறகு சனங்களின் உடம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மனிதர் உயிரோடு அங்கே உட்கார்ந்திருந்தது. 2015 ஜூன் 12-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு கொர்புசியேயின் பணிகளை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதில் கேப்பிடல் வளாகம் இடம்பெற்றது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டத்துக்கு அந்தக் குடை கிடையாது. 2025 தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய நெரிசலைக் குறைக்க, சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் என்று சொல்லி மூன்றாம் கட்டத்தின் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். மரங்களும் போயின. நகரவாசிகள் திரண்டு எதிர்த்தார்கள். இடித்தது வெறும் வெளிச்சுவர், உள்ளே சிற்பம் எதுவும் சேதமாகவில்லை என்கிற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். இந்தத் தோட்டத்தில் சுவர் என்பது சட்டகம் இல்லை. ஒடுங்கி விரிகிற அந்தப் பாதையைப் படைப்பதே சுவர்தான். உருவங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சுவரை எடுத்துவிடலாம் என்பது விஸ்கான்சின் தர்க்கம்.

இந்த மாதிரி ஆட்களுக்கு மேற்கில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1940களில் டுபுஃபே 'ஆர் ப்ரூட்' என்றார், 1972-இல் ரோஜர் கார்டினல் அதை ஆங்கிலத்தில் 'அவுட்சைடர் ஆர்ட்' ஆக்கினார். வெளியாள் கலை. பிரான்சில் ஓத்ரீவ் என்ற ஊரில் ஃபெர்டினாண்ட் ஷெவல் என்கிற தபால்காரர், 1879-இல் நடக்கும் வழியில் கால் இடறிய ஒரு கல்லில் தொடங்கி 1912 வரை ஒரு மாளிகை கட்டினார். 1969-இல் பண்பாட்டு அமைச்சர் மால்ரோ அதை வரலாற்றுச் சின்னமாக்கினார். லாஸ் ஏஞ்சலிசில் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி 1921 முதல் 1954 வரை இரும்பையும் சிமெண்டையும் உடைந்த தட்டுகளையும் வைத்துக் கோபுரங்கள் எழுப்பினார். ஆபத்தானவை, இடியுங்கள் என்றது நகராட்சி. 1959 அக்டோபர் 10 அன்று பத்தாயிரம் பவுண்டு விசையால் கோபுரத்தை இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை, இழுத்த கருவிதான் வளைந்தது. தபால்காரர், கூலிக்காரர், ரோடு இன்ஸ்பெக்டர். மூவருமே வேலைக்காக வீதியில் அலைந்தவர்கள். நகரத்தைக் கட்டியவர்களையும் அதன் தபாலைச் சுமந்தவர்களையும் 'வெளியாள்' என்று கூப்பிடுவதற்கு ஒரு தனி மனோதைரியம் வேண்டும். நம் பக்கத்தில் சிலர் அவசரமாக இதை 'நாட்டார் கலை' என்கிறார்கள். அதுவும் பொருந்தாது. இதற்கு முன்னால் இப்படி யாரும் செய்ததில்லை, செய்முறையைக் கைமாற்றிக்கொடுத்த வம்சமோ தொழிற்கூட்டமோ கிடையாது.

இந்தப் பெயரிடல்களில் எல்லாம் தனிமனிதர் மட்டுமே மிஞ்சுகிறார். முதல் கட்டம் பெரும்பாலும் அவர் கையால் ஆனது, சரி. 1976-க்குப் பிறகு எழுந்தவை? கல் சுமந்தவர்கள், கலவை குழைத்தவர்கள், துணிப் பொம்மைகளுக்குக் கந்தல் சுற்றியவர்கள், வளையல் துண்டை ஈரச் சிமெண்டில் ஒவ்வொன்றாகப் பதித்து விரலை வெட்டிக்கொண்டவர்கள்? பத்மஸ்ரீ ஒருவருக்குத்தான் தருவார்கள், தெரிந்ததுதான். ஆனால் பராமரிப்பு என்கிற கேள்வி எழும்போது இவர்கள் இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. கம்பி துருப்பிடித்து வீங்கினால் மேலிருக்கும் சிமெண்டு வெடிக்கும். மழை உள்ளே போகும். வளையல் துண்டுகள் உதிரும். உதிர்ந்த இடத்தில் எந்தக் கலவையைப் பூசுவது, துண்டை எந்தக் கோணத்தில் பதிப்பது என்பது எழுதிவைக்கப்படாத அறிவு. அது அந்தக் கைகளில் இருக்கிறது.

கொர்புசியேயின் கட்டடத்தைச் செப்பனிடுகிறவர்களுக்கு மூல வரைபடம் இருக்கிறது. இங்கே வரைபடமே கிடையாது. வரைபடம் இல்லாததால்தான் இது பிழைத்தது, இப்போது வரைபடம் இல்லாததால்தான் ஒரு சுவரை 'வெறும் சுவர்' என்று சொல்லி எடுக்க முடிகிறது. அளந்து வரைந்துவிட்டால் இதுவும் அதிகாரத்தின் தாளுக்குள் போய்விடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகத்தான் செய்யும். ஆனாலும் வரைய வேண்டும் என்பதே என் கட்சி. ஒவ்வொரு முற்றத்தையும், ஒவ்வொரு வாசலின் உயரத்தையும், எது எந்தக் கழிவிலிருந்து வந்தது என்பதையும். கழிவு சேகரிக்கிற மையங்களும் சேர்த்தே காக்கப்பட வேண்டியவை. அவை நின்றுபோனால் தோட்டம் தன் மூலப்பொருளை இழந்துவிடும். வேலை செய்தவர்களின் பெயர்களும் வரைபடத்தில் வர வேண்டும். பொதுப்பணித்துறை வழக்கம் நமக்குத் தெரியும், கூலி கொடுத்த இடத்தில் மஸ்டர் ரோல் எழுதாமல் இருக்க மாட்டார்கள். முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.